குப்பை வண்டிக்குப் பின்னால் போன செனட்டர் மகள்: யார் இந்த ஜேன் ஆடம்ஸ்?

சமுதாய நலக்கூடம் என்றதும் நம்ம ஊரில் பெரும்பாலானவர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? மாநகராட்சி போர்டு, பெயிண்ட் உரிந்த சுவர், வாடகைக்கு நடக்கும் வளைகாப்பு, காதுகுத்து. விசேஷம் இல்லாத நாளில் பூட்டு. மழை வெள்ளம் வந்தால் நிவாரண முகாம். பெயரில் இருக்கிற அந்த நலம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு பழைய வீட்டை வைத்துக்கொண்டு ஒரு வார்டுக்கு என்னவெல்லாம் செய்யலாம் என்று 130 வருஷத்துக்கு முன்னாடியே செய்து காட்டியவர் ஜேன் ஆடம்ஸ். அமெரிக்காவின் சிகாகோ நகரில் அவர் தொடங்கிய ஹல் ஹவுஸ், நகர்ப்புற சமூக சேவை பற்றிப் படிக்கிறவர்கள் தாண்டிப் போக முடியாத பெயர். அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண்ணும் இவர்தான். ஆனால் நோபலைவிட சுவாரஸ்யமானது, அந்த வீட்டுக்குள் அவர் செய்த தவறுகளும் அவற்றிலிருந்து கற்றுக்கொண்ட விதமும்.

யார் இவர்?

1860 செப்டம்பர் 6ல் இல்லினாய் மாநிலத்தின் செடார்வில் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் ஜேன். வீட்டில் எட்டாவது குழந்தை. அப்பா ஜான் ஆடம்ஸ் மாவு மில் முதலாளி, மாநில செனட் உறுப்பினர், ஆபிரகாம் லிங்கனுக்கு அறிமுகமானவர். ஊரில் பெரிய கை.

ஜேனுக்கு 2 வயதாகும்போது அம்மா இறந்துபோனார். 4 வயதில் முதுகெலும்பில் காசநோய் வந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் முதுகு வளைந்துவிட்டது. தலை ஒரு பக்கம் சாய்ந்தபடி நடக்கும் தன்னை, கம்பீரமான அப்பாவின் மகள் என்று வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொண்டால் அவருக்கு அவமானமாகிவிடுமே என்று பயந்து, சர்ச்சுக்குப் போகும்போது சித்தப்பா கூடவே ஒட்டிக்கொண்டு நடப்பாராம். இந்த வளைந்த முதுகை கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1881ல் ராக்ஃபோர்டு பெண்கள் கல்லூரியில் படிப்பை முடித்தார். அதே வருஷம் அப்பா திடீரென இறந்தார். டாக்டராகும் கனவோடு ஃபிலடெல்பியா மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர், முதுகுப் பிரச்னை முற்றியதால் பாதியிலேயே நிறுத்தினார். அப்புறம் அறுவை சிகிச்சை, படுக்கை, ஐரோப்பா சுற்றுலா. கையில் சொத்து இருக்கிறது, படிப்பு இருக்கிறது, செய்ய வேலைதான் இல்லை. அந்தக் காலத்தில் வசதியான வீட்டில் படித்த பெண்கள் பலருக்கும் இதுதான் நிலைமை.

லண்டனில் பார்த்த இரண்டு காட்சிகள்

முதல் ஐரோப்பியப் பயணத்தில் ஒரு சனிக்கிழமை இரவு. லண்டனின் கிழக்குப் பகுதியில், விற்காமல் மிஞ்சி அழுகத் தொடங்கிய காய்கறிகளை ஏலம் போட்டார்கள். காசை ஏந்திய கைகள் கூட்டமாக நீண்டன. ஏலத்தில் ஒரு முட்டைக்கோஸை எடுத்த ஒருவர், அங்கேயே உட்கார்ந்து கழுவாமல்கூடப் பச்சையாகத் தின்றார். நீண்ட அந்தக் கைகளை ஜேனால் கடைசிவரை மறக்க முடியவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் பார்த்தது, சுற்றுலாப் பயணிகளோடு குதிரை வண்டியின் மேல்தளத்தில் உட்கார்ந்தபடிதான்.

1888ல் மறுபடியும் லண்டன் போனபோது டாயின்பீ ஹாலைப் பார்த்தார். சாமுவேல் பார்னெட், ஹென்ரியட்டா பார்னெட் என்ற தம்பதி 1884ல் தொடங்கிய இடம் அது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜில் படித்த இளைஞர்கள் ஏழைகள் வாழும் பகுதியிலேயே வந்து தங்கி, வகுப்பு எடுப்பது, உதவி செய்வது என்று இருந்தார்கள். நன்கொடை கொடுத்துவிட்டுப் போவதில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களாக இருப்பது. இப்படிப்பட்ட இடங்களுக்கு செட்டில்மென்ட் என்று பெயர்.

ஜேனுக்கு வழி தெரிந்துவிட்டது. கல்லூரித் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாரோடு சிகாகோவில் வீடு தேடத் தொடங்கினார்.

ஒரு பக்கம் சாராயக்கடை, இன்னொரு பக்கம் சவப்பெட்டிக் கடை

அப்போது சிகாகோ எப்படி இருந்தது? மக்கள்தொகை 10 லட்சத்தைத் தாண்டிக்கொண்டிருந்த நேரம். அதில் முக்கால்வாசிக்கும் மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள், இல்லையென்றால் அவர்களுடைய பிள்ளைகள். இத்தாலியர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர், போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த யூதர், கிரேக்கர், பொஹீமியர். ஆலைகளுக்கு ஆள் வேண்டும், அதனால் வந்தார்கள். ஆனால் அவர்கள் குடியிருந்த தெருக்களுக்கு சாக்கடையோ, நல்ல தண்ணீரோ, போதுமான பள்ளியோ வந்து சேரவில்லை.

ஹால்ஸ்டெட் தெருவில் சார்லஸ் ஹல் என்ற பணக்காரர் 1856ல் கட்டிய பழைய மாளிகை ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் சாராயக்கடை, இன்னொரு பக்கம் ஈமச்சடங்கு ஏற்பாடு செய்பவரின் கடை. 1889 செப்டம்பர் 18ல் இரண்டு பெண்களும் அங்கே குடியேறினார்கள். முதல் நாள் ராத்திரி, குடிவந்த பரபரப்பில் பக்கவாட்டுக் கதவைப் பூட்ட மறந்து திறந்தபடியே விட்டுவிட்டார்கள். எதுவும் திருடு போகவில்லை. அந்தப் பகுதி பற்றி நகரத்தில் இருந்த பெயரை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

தொடக்கத்தில் அவர்கள் திட்டம் என்ன தெரியுமா? நாவல் வாசிப்பு, ஓவியக் கண்காட்சி. ஐரோப்பாவில் தாங்கள் ரசித்ததை ஏழைகளோடு பகிர்ந்துகொள்வது. நல்ல எண்ணம்தான். ஆனால் கதவைத் தட்டியவர்களுக்குத் தேவைப்பட்டது வேறு. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும், நோயாளிக்குத் துணை இருக்க வேண்டும், செத்தவரை அடக்கத்துக்குத் தயார் செய்ய வேண்டும். கல்யாணம் ஆகாமல் கர்ப்பமான ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தபோது அக்கம்பக்கத்தார் யாரும் தொடவில்லை. ஜேனும் தோழி ஜூலியா லாத்ரப்பும் போய்த்தான் பிரசவம் பார்த்தார்கள்.

மேஜைக் காலில் கட்டப்பட்ட குழந்தை

அந்தப் பகுதியில் அவர்கள் முதலில் பார்த்த மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் மூன்று பேர். மூவருமே அம்மா வேலைக்குப் போயிருந்தபோது பாதிக்கப்பட்டவர்கள். ஒரு குழந்தை மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்தது. இன்னொன்றுக்குத் தீக்காயம். மூன்றாவது குழந்தைக்கு முதுகெலும்பு வளைந்திருந்தது. காரணம், மூன்று வருஷமாக அதைப் பகல் முழுக்க சமையலறை மேஜைக் காலில் கட்டிப்போட்டுவிட்டு அம்மா வேலைக்குப் போனார். மதியம் பக்கத்து ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன் ஓடிவந்து அவிழ்த்துவிட்டு, சாப்பாட்டைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு ஓடுவான்.

வளைந்த முதுகு என்றால் என்னவென்று ஜேனுக்குத் தெரியாதா? அவருக்கு அது நோயால் வந்தது. இந்தக் குழந்தைக்கு, அம்மா கூலிக்குப் போகும் நேரத்தில் பார்த்துக்கொள்ள ஒரு இடம் இல்லாததால் வந்தது.

ஹல் ஹவுஸில் குழந்தைகள் காப்பகம் வந்தது இப்படித்தான். கூடவே கிண்டர்கார்டன். வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு, நகராட்சி நூலகத்தின் கிளை வாசிப்பறை, உடற்பயிற்சிக்கூடம், நாடகமேடை, சிகாகோவின் முதல் பொது விளையாட்டுத் திடல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, 1907ல் அந்த ஒரு வீடு 13 கட்டடங்களாகிவிட்டது.

இதில் தனியாகச் சொல்ல வேண்டியது ஜேன் கிளப். ஸ்டிரைக் நடந்தால் முதலில் பணிந்துபோவது விடுதி வாடகை கட்ட வேண்டிய இளம்பெண்கள்தான் என்பதை ஷூ ஆலைப் பெண்கள் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள். வாடகை பாக்கி என்றால் தெருவில் நிற்க வேண்டுமே. அதற்கு வழியாக, பெண் தொழிலாளர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு விடுதி 1891ல் தொடங்கியது. ஹல் ஹவுஸ் முதல் மாத வாடகையும் சாமான்களும் கொடுத்தது, அவ்வளவுதான். நிர்வாகம் முழுக்க அந்தப் பெண்கள் கையில்.

சத்தான சாப்பாடு, ஆனால் யாரும் வாங்கவில்லை

எல்லாமே வெற்றி என்று நினைக்க வேண்டாம். ஏழைகள் சத்தில்லாமல் சாப்பிடுகிறார்கள் என்று ஆய்வு செய்து, விஞ்ஞானபூர்வமாக, குறைந்த விலையில் சூப்பும் கஞ்சியும் தரும் பொதுச் சமையலறை ஒன்றை ஹல் ஹவுஸ் திறந்தது. பாஸ்டனில் போய்ப் பயிற்சியெல்லாம் எடுத்து வந்தார்கள். ஆனால் அக்கம்பக்கத்தார் பெரிதாகச் சீண்டவே இல்லை. இத்தாலியர் நாக்குக்கும் யூதர் அடுப்புக்கும் இங்கிலாந்து மரபில் வந்த அமெரிக்கச் சமையல் எப்படிப் பொருந்தும்? அவரவர் வீட்டு ருசி அவரவருக்கு. ஜேன் பிடிவாதம் பிடிக்கவில்லை. மக்கள் உட்கார்ந்து பேச சாராயக்கடையைத் தவிர இடமில்லை என்பதைப் பார்த்து, காபி ஹவுஸ் ஒன்றைத் திறந்தார். அது நன்றாக ஓடியது.

இன்னொரு தவறு இப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியது இல்லை.

1893ல் அமெரிக்காவில் பெரும் பொருளாதாரச் சரிவு. வேலை இழந்தவர்கள் உதவி கேட்டு வரிசையில் நின்றார்கள். வேலை செய்யத் தயாராக இருப்பவர்களுக்கு, வேறு வேலை கிடைக்கும் என்றால், உதவித்தொகை கிடையாது என்பது நிவாரண அலுவலக விதி. சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த ஒருவர் வந்தார். கால்வாய் வெட்டும் இடத்தில் ஆள் எடுக்கிறார்கள், அங்கே போங்கள் என்று ஜேன் சொன்னார். அவரோ எப்போதும் கட்டடத்துக்குள்ளேயே வேலை பார்த்தவர். இந்தக் குளிரில் வெட்டவெளி வேலை உடம்புக்கு ஆகாது என்று தயங்கினார். ஜேன் விதியை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் போனார். இரண்டு நாள் மண் வெட்டினார். நிமோனியா வந்து ஒரு வாரத்தில் இறந்துபோனார். அவர் விட்டுப்போன இரண்டு சின்னக் குழந்தைகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்பதை ஜேன் பல வருஷம் தொடர்ந்து தெரிந்துவைத்திருந்தார்.

இந்தச் சம்பவத்தை யாரும் துப்பறிந்து வெளியிடவில்லை. ஜேனே தன் சுயசரிதையில் எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரியும். விதியைப் பார்த்து உதவுவதற்கும் ஆளைப் பார்த்து உதவுவதற்கும் நடுவே ஒரு உயிர் போய்விட்டது என்பதை அவர் மறைக்கவில்லை. உதவித்தொகைக்கு மனு கொடுத்துவிட்டு ஆவணம் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட யாருக்கும் இந்தக் கதை புதிதாகத் தெரியாது.

6 மணிக்குக் குப்பை வண்டி

சிகாகோவின் 19வது வார்டில் குப்பைதான் பெரிய பிரச்னை. தெருவோரம் பெரிய மரப்பெட்டிகள் இருக்கும். அதில் வீட்டுக்குப்பை, அழுகிய பழம், நாற்றமடிக்கும் பழந்துணி எல்லாம் நிரம்பி வழியும். குழந்தைகள் ஏறி விளையாடுவதும் அதன்மேல்தான். நகராட்சி குப்பை அள்ள ஒப்பந்தம் விட்டிருந்தது. ஒப்பந்ததாரர் பணம் வாங்கினார், வண்டி மட்டும் சரியாக வராது.

1894ல் ஹல் ஹவுஸ் பெண்கள் சங்கத்தினர் சந்து சந்தாகப் போய்க் குறிப்பெடுத்து, இரண்டே மாதத்தில் சுகாதாரத் துறைக்கு 1,037 புகார்கள் அனுப்பினார்கள். மாற்றம் பெரிதாக இல்லை. அடுத்த வருஷம் ஜேன் அதிரடியாக ஒரு காரியம் செய்தார். குப்பை அள்ளும் டெண்டரில் தானே விலை குறிப்பிட்டுக் கலந்துகொண்டார்! தொழில்நுட்பக் காரணம் சொல்லி டெண்டரைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் பத்திரிகைகளில் பரபரப்பானதால் மேயர் அவரையே அந்த வார்டின் குப்பை ஆய்வாளராக நியமித்துவிட்டார். சம்பளம் ஆண்டுக்கு 1,000 டாலர்.

காலை 6 மணிக்கு எழுந்து வண்டிகள் கிளம்புகிறதா என்று பார்ப்பது, குப்பைக் கிடங்கு வரை பின்னாலேயே போவது, விதியை மீறும் வீட்டுச் சொந்தக்காரர்களைக் கோர்ட்டுக்கு இழுப்பது என்று இறங்கினார். வண்டிகளின் எண்ணிக்கையை 9லிருந்து 17ஆக உயர்த்த வைத்தார். ஒரு குறுகலான தெருவில் குப்பையைத் தோண்டத் தோண்ட, 18 அங்குலத்துக்குக் கீழே கல் பாவிய நல்ல ரோடு ஒன்று கிடைத்தது. அங்கே ரோடு இருந்ததே பலருக்குத் தெரியாது. இறப்பு விகிதத்தில் நகரத்தின் வார்டுகளில் 3வது இடத்தில் இருந்த 19வது வார்டு, 7வது இடத்துக்கு இறங்கியது.

இந்த வேலையால் மிரண்டவர்களில் முக்கியமானவர் வார்டு ஆல்டர்மேன் ஜானி பவர்ஸ். நம்ம ஊர் கவுன்சிலர் மாதிரியான பதவி. ஊழலுக்குப் பேர்போனவர். அவரைத் தோற்கடிக்க ஹல் ஹவுஸ் 1896லும் 1898லும் களமிறங்கி, இரண்டு முறையும் தோற்றது. ஏன் தோற்றோம் என்று ஜேன் யோசித்து எழுதியதுதான் இதில் முக்கியம். பவர்ஸ் எல்லாக் கல்யாணத்துக்கும் போவார், எல்லாச் சாவுக்கும் வண்டி அனுப்புவார், கிறிஸ்துமஸுக்கு வான்கோழி கொடுப்பார், பையனை போலீஸ் பிடித்தால் மீட்டுவருவார், வேலை வாங்கித் தருவார். நல்ல நிர்வாகம் பேசும் சீர்திருத்தக்காரர்களோ அந்தத் தெருப்பக்கமே வந்ததில்லை. அப்புறம் மக்கள் யாருக்கு ஓட்டுப் போடுவார்கள்? எதிரியை இவ்வளவு நியாயமாகப் புரிந்துகொண்ட தேர்தல் தோல்விக் கட்டுரை அபூர்வம்.

மிட்டாய் வேண்டாம் என்ற சிறுமிகள்

ஹல் ஹவுஸின் முதல் கிறிஸ்துமஸ். வந்த சிறுமிகள் சிலருக்கு மிட்டாய் கொடுத்தால், பார்க்கவே பிடிக்கவில்லை என்று தள்ளிவிட்டார்கள். விசாரித்தால், ஆறு வாரமாகக் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை. அதே குளிர்காலத்தில் ஹல் ஹவுஸ் கிளப்பைச் சேர்ந்த மூன்று பையன்கள் பக்கத்து ஆலையில் ஒரே இயந்திரத்தில் அடிபட்டார்கள். ஒருவன் இறந்தான். சில டாலர் செலவில் ஒரு பாதுகாப்புத் தடுப்பு வைத்திருந்தால் போதும். முதலாளி நஷ்டஈடும் தரவில்லை. பெற்றோரிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

காப்பகமும் காபி ஹவுஸும் இதைத் தடுக்காது, சட்டம்தான் வேண்டும் என்பது அங்கே இருந்தவர்களுக்குப் புரிந்தது. 1891 டிசம்பரில் ஹல் ஹவுஸுக்கு வந்து சேர்ந்த ஃபுளோரன்ஸ் கெல்லி இதில் முன்னால் நின்றார். கணவரின் கொடுமையிலிருந்து மூன்று குழந்தைகளோடு தப்பி வந்தவர் அவர். வீடு வீடாகப் போய் யார், எந்த நாட்டுக்காரர், வாரக் கூலி எவ்வளவு என்று கணக்கெடுத்தார்கள். 1893ல் இல்லினாயில் சட்டம் வந்தது: 14 வயதுக்குட்பட்டவர்களை ஆலையில் வைக்கக்கூடாது, பெண்களுக்கு 8 மணி நேர வேலை. கெல்லியே தலைமை ஆலை ஆய்வாளரானார். 8 மணி நேரப் பிரிவை மட்டும் 1895ல் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே வருஷம் அந்தக் கணக்கெடுப்பு, வீட்டுக்கு வீடு நிறம் தீட்டிய வரைபடங்களோடு புத்தகமாக வந்தது.

இதற்கு நடுவே முதலாளிகள் தரப்பிலிருந்து ஒரு பேரம். இந்தச் சட்டப் போராட்டத்தை விட்டுவிட்டால் ஹல் ஹவுஸுக்கு 50,000 டாலர். ஜேன் மறுத்தார். இன்னொரு முறை, ஜேன் கிளப்புக்குக் கட்டடம் கட்ட 20,000 டாலர் தர ஒருவர் முன்வந்தார். தன்னிடம் வேலை பார்க்கும் பெண்களுக்குக் குறைந்த கூலி தருவதில் பேர்வாங்கியவர். அதுவும் வேண்டாம் என்றார்கள். நன்கொடையில் ஓடும் ஒரு அமைப்புக்கு இது சும்மா எடுக்கும் முடிவில்லை.

1899ல் சிகாகோவில் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் வந்ததிலும் ஜூலியா லாத்ரப்புக்கும் ஹல் ஹவுஸ்காரர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. லாத்ரப் பின்னர் அமெரிக்க அரசின் குழந்தைகள் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். இங்கேயே தங்கியிருந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன், ஈயத்தால் தொழிலாளர்களுக்கு வரும் நோய்களை ஆராய்ந்து தனித் துறையையே உருவாக்கினார். ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து இத்தனை பேர்.

1896ல் ஜேன் ரஷ்யா போய் டால்ஸ்டாயைச் சந்தித்தார். அவரோ ஜேனின் கவுன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, இந்தத் துணியில் ஒரு சிறுமிக்கே உடுப்பு தைக்கலாமே என்கிற மாதிரி கடிந்துகொண்டார். ஊருக்குத் திரும்பி தினமும் இரண்டு மணி நேரம் கையால் ரொட்டி சுடுவது என்று ஜேன் முடிவெடுத்தார். வந்து பார்த்தால் காத்திருக்கும் ஆட்கள், குவிந்த கடிதங்கள். இவர்களையெல்லாம் நிற்கவைத்துவிட்டு ரொட்டி சுட்டு என் மனசாட்சியைக் காப்பாற்றுவதா என்று தோன்ற, அந்த யோசனையைக் கைவிட்டார். சரியான முடிவு என்றுதான் தோன்றுகிறது.

போர், வசை, நோபல்

முதல் உலகப்போர் வந்ததும் கதை மாறியது. 1915ல் நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் நடந்த பெண்கள் அமைதி மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அமெரிக்கா போரில் இறங்கிய பிறகும் எதிர்ப்பைக் கைவிடவில்லை. அதுவரை தலையில் வைத்துக் கொண்டாடிய பத்திரிகைகள் துரோகி என்று திட்டின. 1931ல் நிக்கோலஸ் மரே பட்லரோடு சேர்த்து நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் உடல்நலம் குன்றியிருந்தார். பரிசளிப்பு நாளில் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். 1935 மே 21ல் 74 வயதில் இறந்தார். ஹல் ஹவுஸ் முற்றத்தில் உடல் வைக்கப்பட்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் வந்தார்கள்.

ஹல் ஹவுஸ் மேல் விமர்சனமும் உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்தவர்களுக்குக் கிடைத்த இடம் சிகாகோவின் கறுப்பின மக்களுக்கு அங்கே கிடைக்கவில்லை என்பது அதில் முக்கியமானது. கறுப்பின மக்கள் உரிமைக்கான தேசிய சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஜேனும் ஒருவர் என்பதால் இது இன்னும் உறுத்துகிறது.

இந்தியாவுக்கும் இந்த செட்டில்மென்ட் மரபுக்கும் தொடர்பு இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்த கிளிஃபோர்ட் மேன்ஷார்ட், 1920களில் மும்பைக்கு வந்து நாக்பாடாவில் இதே பாணியில் நெய்பர்ஹுட் ஹவுஸ் ஒன்றை நடத்தினார். அங்கே கிடைத்த அனுபவத்தில் 1936ல் சமூகப்பணிக்கான டாடா கல்லூரி தொடங்கப்பட்டது. இன்றைய டிஸ் நிறுவனம் அதுதான்.

அப்புறம் ஹல் ஹவுஸ் என்ன ஆனது?

1960களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்துக்காக அந்தப் பகுதியையே இடிக்க நகர நிர்வாகம் முடிவு செய்தது. ஹல் ஹவுஸிலேயே ஓடியாடி வளர்ந்த, இத்தாலியத் தையல்காரர் மகளான ஃபுளோரன்ஸ் ஸ்காலா, அக்கம்பக்கத்துப் பெண்களைத் திரட்டி மேயர் அலுவலகத்தில் உட்கார்ந்து போராடினார். உச்ச நீதிமன்றம் வரை போனார். பலன் இல்லை. ஹல் ஹவுஸ் நிர்வாகிகளே கடைசியில் இடத்தை விற்கச் சம்மதித்தது அவருக்குப் பெரிய அடி. 1963ல் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. பழைய மாளிகையும் சாப்பாட்டுக் கூடமும் மட்டும் மிஞ்சின. இப்போது அது அருங்காட்சியகம்.

ஹல் ஹவுஸ் சங்கம் நகரம் முழுக்கக் கிளைகளாகப் பிரிந்து வேலையைத் தொடர்ந்தது. ஆனால் வருமானத்தில் பெரும்பகுதி அரசு ஒப்பந்தப் பணமாகிவிட்டது. பொருளாதாரம் சரிந்து அரசுப் பணம் குறைந்தபோது, ஈடுகட்ட நன்கொடை போதவில்லை. 2012 ஜனவரி 27ல், தொடங்கி 122 வருஷம் கழித்து, சங்கம் மூடப்பட்டது. அதன் பொறுப்பில் இருந்த வளர்ப்புக் குழந்தைகளையும், குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்களையும் வேறு அமைப்புகளிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது.